மதிலோர மண்

2015-ஐ சர்வதேச மண் ஆண்டாக ஐ.நா. அறிவித்திருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் சென்னையை அடுத்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டி, அருகிலுள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அவ்வளவு நீரை எந்த மண்ணும் குடித்துவிடாது, ஏரியும் கால்வாயும்தான் காக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் சாதாரண மழைக்கே தெருவில் தண்ணீர் நிற்கிறதே, கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறோமே! வீட்டைச் சுற்றி ஓரடி விடாமல் சிமென்ட் பூசியதற்கும் இதில் பங்குண்டு. மண்ணைத் திறந்துவிட்டால், களிமண்ணில் நீர் இறங்காது, சேறாகும், கொசு வரும் என்ற தயக்கம் நியாயமானதே. ஆனால் உதிர்ந்த இலைகளை எரிக்காமல் அங்கேயே மக்கவிட்டால் மண்புழுக்கள் துளையிடும். களிமண்ணும் மெல்லப் பொலபொலக்கும். நீர் தேங்காத இடத்தில் கொசு முட்டையிடாது. வாசலில் சிமென்ட் இருக்கட்டும். மரத்தடியையும் மதிலோரத்தையுமாவது திறந்துவிடுவோம்.