மிச்சம் யாருடைய கணக்கில்?

சிக்கனம் என்ற ஒரே சொல்லை வைத்து நாம் இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கிறோம். வாங்க முடிந்தும் வாங்காமல் இருப்பது ஒன்று. வாங்க வழியே இல்லாமல் இருப்பது இன்னொன்று. என் வயதுக்காரர்களிடம், குறிப்பாக ஐடியில் இருப்பவர்களிடம், முதல் வகை இப்போது ஒரு சின்ன மதம் மாதிரி ஆகிவிட்டது. அதற்கு ‘ஃபயர்’ என்று பெயர். சம்பளத்தில் பாதிக்கு மேல் சேமி, இன்டெக்ஸ் ஃபண்டில் போடு, ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்ந்ததும் நாற்பது வயதிலேயே வேலையை விட்டுவிடு. இந்த 25 என்ற எண்ணின் வேர், வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் போட்ட ஒரு கணக்கு. முதல் ஆண்டில் சேமிப்பிலிருந்து 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனாலும் 30 ஆண்டுகளுக்குப் பணம் தாங்கும் என்று அமெரிக்கச் சந்தையின் பழைய தரவுகளை வைத்துச் சொன்னார்.

நானும் இந்தக் கணக்கைப் போடுகிறவன்தான். மாதக் கடைசியில் எக்செல் ஷீட்டைத் திறந்து, எந்த வரியை வெட்டலாம் என்று பார்ப்பதில் எனக்கு ஒரு சுகம் உண்டு. எனவே இது வெளியே நின்று கேலி செய்யும் கட்டுரை இல்லை. இப்படி மிச்சப்படுத்துவது ஒரு அறமா, இல்லை வெறும் கெட்டிக்காரத்தனமா என்பதுதான் என் கேள்வி.

வன்னியம்பட்டியில் என் பெரியம்மாவிடம் இதையெல்லாம் ஒருமுறை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “செலவழிக்காம இருக்கதுக்கு ஒரு பேரு வச்சிருக்காகளா? ஏய்யா, நாங்க காலம்பூரா அதத்தான செஞ்சோம்.”

இந்த இடத்தில் ஒரு வழுக்கல் இருக்கிறது. பெரியம்மாவைப் பார், இரண்டே சேலையில் வாழ்ந்தார், எவ்வளவு நிறைவு என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் மூன்றாவது சேலை அவருக்கு வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இல்லாமையை எளிமை என்று பெயர் மாற்றி ரசிப்பது, பசியை விரதம் என்று சொல்வது போல. விரதத்தில் சாப்பாடு பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஆனாலும் அவருடைய கையிருப்புக் கணக்கில் என் எக்செல்லில் இல்லாத ஒன்று இருந்தது: மொய் நோட்டு. தென் மாவட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று யார் வீட்டுக்கு எவ்வளவு செய்தோம், யார் நமக்கு எவ்வளவு செய்தார்கள் என்று பெயர் பெயராக எழுதி வைத்திருப்பார்கள். ஃபயர் கணக்கில் மொய் ஒரு வெட்டக்கூடிய செலவு. பெரியம்மாவுக்கு அதுவே சேமிப்பு. பணம் அவரிடம் இருக்காது, ஊரில் நாற்பது வீடுகளில் இருக்கும். மொய்க்காகக் கடன் வாங்கி நொந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அதனால் இதைக் கொண்டாட மாட்டேன். ஆனால் அந்த நோட்டில் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே ஒரு மனிதர் பெயர் இருந்தது. என் ஷீட்டில் ‘இதர செலவு’ என்றுதான் இருக்கிறது.

தொகைக்கு எதிரே மனிதரைத் தேடிய ஒரு கணக்கர் எங்கள் பக்கத்தில் வாழ்ந்திருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகும் அதே திருமங்கலம்–கொல்லம் சாலையில், மதுரைப் பக்கமாகப் போனால் தே.கல்லுப்பட்டி வரும். அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி. குமரப்பா தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் செய்து, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர். 1929இல் காந்தியைச் சந்தித்தபின் அந்த வாழ்க்கையை விட்டு வெளியேறினார். ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் சிறையில் எழுதப்பட்டது.

வாழ்க்கைத் தரத்தை உயர்ந்தது, தாழ்ந்தது என்று பிரிப்பதை குமரப்பா ஏற்கவில்லை. சிக்கலானது, எளிமையானது என்றுதான் பிரிக்கலாம் என்றார். நிறையப் பொருள் வைத்திருப்பவன் வாழ்வு சிக்கலானது, அதனாலேயே அது உயர்ந்தது ஆகிவிடாது. குறைவாக வைத்திருப்பவன் தாழ்ந்தவனும் இல்லை. இது வரைக்கும் இன்றைய மினிமலிஸ்டுகளும் தலையாட்டுவார்கள்.

அதற்கு அடுத்து அவர் சொன்னதுதான் இடிக்கிறது. ஒரு பொருளை வாங்குகிறவன் அதன் பின்னால் நடந்ததற்கும் பொறுப்பாளி என்றார். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் நாமும் குற்றத்தில் கூட்டு. அப்படியென்றால், கட்டாய உழைப்பில் விளைந்த கோகோவை வாங்குகிறவன் மட்டும் எப்படி விலகி நிற்க முடியும்? விலைச்சீட்டில் இருக்கும் தொகை முழு விலை இல்லை. மீதியை வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள். ஒரு ஆடிட்டரின் மூளைக்குத்தான் இது இவ்வளவு நேராகத் தெரியும் என்று நினைக்கிறேன். பற்று என்று ஒன்று இருந்தால் எங்கேயோ அதற்கு வரவு இருந்தே ஆக வேண்டும்.

இதை என் அலமாரியில் பொருத்திப் பார்க்கலாம். ஐந்தே டிஷர்ட், எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒவ்வொன்றும் 199 ரூபாய். மினிமலிசத்தின் பாடப்புத்தக உதாரணம். ஆனால் 199 ரூபாயில் பருத்தி விளைந்து, நூலாகி, துணியாகி, சாயமேறி, தைக்கப்பட்டு, பெங்களூரில் என் வாசலுக்கு வந்து சேர வேண்டும் என்றால் யாரோ எங்கேயோ குறைவாக வாங்கியிருக்க வேண்டும். தமிழ்நாட்டின் சில நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்தவை பலமுறை பதிவாகியிருக்கின்றன. கிராமத்துப் பெண்பிள்ளைகள் மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால், கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. பாதியில் நின்றால் அந்தத் தொகை கைக்கு வருவது சந்தேகம். அந்தப் பிள்ளைகள் செய்ததற்குப் பெயரும் ‘சேமிப்பு’தான். அவர்களின் ஒத்திப்போட்ட கூலியும் என் மிச்சமும் ஒரே நூலில்தான் கோர்த்திருக்கின்றன. எண்ணிக்கையில் நான் குறைத்துவிட்டேன். சுமையை நகர்த்தி மட்டும்தான் வைத்தேன்.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. நீ வாங்காவிட்டால் அந்த வேலையும் போய்விடுமே? 1936இல் கெயின்ஸ் இதைத்தான் பெரிய அளவில் சொன்னார்: ஒருவரின் செலவு இன்னொருவரின் வருமானம், எல்லாரும் ஒரே நேரத்தில் கையை இறுக்கினால் எல்லாரும் ஏழையாவார்கள். நான் டீ குடிப்பதை நிறுத்தினால் வன்னியம்பட்டி விலக்கில் இருக்கும் டீக்கடை அண்ணாச்சிக்குத்தான் நஷ்டம். மறுக்க முடியாது. ஆனால் இந்த வாதம் ‘கண்டதையும் வாங்கு’ என்ற முடிவுக்கு நம்மைக் கொண்டுபோவதில்லை. எங்கே வெட்டுகிறோம் என்று பார்க்கத்தான் சொல்கிறது. நாம் முதலில் வெட்டுவது பெரும்பாலும் முகம் தெரிந்தவர்களின் வருமானத்தை: டீக்கடை, தையல்காரர், வீட்டுவேலைக்கு வரும் அக்கா. போன் மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறிவிடும்.

ஆகவே என் கேள்விக்கு நான் வந்து சேர்ந்த பதில் இது. குறைவாக வாழ்வது தன்னளவில் அறமும் இல்லை, பாவமும் இல்லை. அது ஒரு கழித்தல். கழித்தது எங்கிருந்து, மிச்சம் போனது எங்கே என்ற இரண்டு கேள்விகளுக்குப் பிறகுதான் அறம் ஆரம்பிக்கிறது. நாற்பது வயதில் யாருக்கும் கடன்படாமல் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்ற ஆசையை நான் தவறென்று சொல்லமாட்டேன். எனக்கும் அது இருக்கிறது. ஆனால் யாருக்கும் கடன்படாத வாழ்க்கை என்று ஒன்று இல்லை. 199 ரூபாய் டிஷர்ட்டிலேயே கடன் தொடங்கிவிடுகிறது.

நடைமுறையில் நான் செய்வது சின்ன விஷயம். ஷீட்டில் ‘தொகை’ பத்திக்கு அடுத்து ‘யாருக்கு’ என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். செலவை வெட்டுவதற்கு முன் அதை நிரப்ப வேண்டும். பல வரிகளுக்கு எதிரே என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. அந்த வரிகளிலிருந்துதான் இப்போது வெட்டத் தொடங்கியிருக்கிறேன்.