நெய் பூசிய ஆயுதம்

அடையாற்றின் கழிமுகத்துக்கு இவ்வளவு அருகில் குடியிருப்பவர்களுக்கு இரும்பின் நிலையாமையைத் தனியே சொல்லித்தர வேண்டியதில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் மொட்டைமாடிக் கம்பி, ஜன்னல் கிரில், ஏ.சி. பெட்டியைத் தாங்கும் சட்டம் என்று எல்லாவற்றையும் உப்புக் காற்று தின்றுகொண்டே இருக்கிறது. பட்டினப்பாக்கம் பக்கமிருந்து மாலையில் வீசும் காற்றில் வீடு குளிரும், ஆணி துருவேறும். இந்த இடத்தில் ஏறத்தாழ எண்பது வயதான ஒரு ராணுவக் கைத்துப்பாக்கியைத் துருப்பிடிக்காமல் வைத்திருப்பது என் வீட்டு வேலைகளில் ஒன்று.

அது பெல்ஜியத்தில் எர்ஸ்டால் என்ற ஊரில் எஃப்.என். தொழிற்சாலை செய்த 1922ஆம் ஆண்டு மாடல் பிரௌனிங். 7.65 மில்லிமீட்டர், நம் உரிமப் புத்தகத்தின் பேச்சில் .32 போர். காலியாக இருக்கும்போது சுமார் 700 கிராம். ஸ்லைடின் பக்கவாட்டில் நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு கழுகு முத்திரை, அதன் கீழே 140 என்ற எண். ஜெர்மானியர் 1940இல் பெல்ஜியத்தைப் பிடித்தபின் அந்தத் தொழிற்சாலையும் அவர்கள் வசமானது. அவர்களுடைய ஆய்வாளர்கள் பார்த்து ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் இந்தக் கழுகு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மெருகுக்கு அடியில் கடைசல் கருவி ஓடிய கோடுகள் தெரியும். போருக்கு முந்தைய துப்பாக்கிகளில் அவற்றைத் தேய்த்து மறைத்திருப்பார்கள். இதில் விட்டுவிட்டார்கள். அடிமைப்பட்ட ஊரில், யாருக்காகவோ அவசரமாக வேலை செய்த கைகளின் தடம் அது. அந்தக் கோடுகளின் மேல் எண்ணெய்த் துணியை ஓட்டும்போதெல்லாம் முகம் தெரியாத அந்தத் தொழிலாளியை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். இரண்டாம் உலகப்போரில் இத்தாலியில் கண்ணிவெடி அகற்றி, ஆறுகளுக்குக் குறுக்கே பெய்லி பாலம் போட்ட ‘தம்பி’களில் ஒருவர். அங்கிருந்து அவரோடு வந்தது இது. அவருக்குப் பின் அப்பாவுக்கு. அப்பாவுக்கு எழுபது ஆனதும் எனக்கு. உரிமம் வைத்திருப்பவர் இறந்தாலோ, அவருக்கு எழுபது வயது நிறைந்தாலோ, இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தாலோ, சட்டப்படியான வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம் என்கின்றன 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள். சங்கிலியும் வளையலும் மகளுக்கு வருவதைக் கேள்வி கேட்காத சொந்தக்காரர்கள், இது மகளுக்கா என்று கேட்டார்கள். அப்பா பதில் சொல்லவில்லை. என்னை உட்காரவைத்துத் துடைக்கக் கற்றுக்கொடுத்தார்.

“முதல்ல காலியான்னு பாரு கண்ணா. நான் பார்த்துட்டேன்னு சொன்னாலும் நம்பாதே. நீயே பாரு.”

மேகசினைப் பிடியின் அடிக்கொக்கியைத் தள்ளிக் கழற்ற வேண்டும். பிறகுதான் ஸ்லைடை இழுக்க வேண்டும். முறை மாறினால் குழலுக்குள் தோட்டா ஒன்று ஏறி உட்கார்ந்துவிடும். திறந்த அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். அதன்பின் முன்முகப்பை அழுத்தித் திருப்பினால் அது கழன்று வரும். குழலைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங் துள்ளி வெளியே பாயும் என்பதால் உள்ளங்கையைக் குறுக்கே வைத்துக்கொள்ள வேண்டும். மெல்லிய எண்ணெய் போதும், அதையும் தடவியபின் துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். பித்தளைப் பாத்திரம் துலக்கும் பாலிஷ் பட்டால் கருநீல மெருகு போயே போய்விடும். தோலுறையில் போட்டு வைப்பது பார்க்க அழகு. ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்புக்குக் கொடுக்கும். வெறுங்கையால் தொட்டுவிட்டுத் துடைக்காமல் வைத்தால் நம் வியர்வையே விரல்ரேகையைத் துருவாக எழுதிவிடும். காலியாக வைத்து விசையை இழுத்து விளையாடக் கூடாது. உள்ளே இருக்கும் ஊசி உடைந்தால் மாற்று ஊசிக்கு எங்கே போவது?

குழலின் உட்சுவரில் அம்மைத் தழும்பு போலச் சில குழிகள் இருக்கின்றன. அந்தக் காலத்துத் தோட்டாக்களின் தீமூட்டிக் குப்பியில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்தபின் அது ஒருவகை உப்பை விட்டுச்செல்லும். எண்ணெயில் அது கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள். என்றோ ஒரு நாள் யாரோ, ஓட்டத்திலோ ஓய்விலோ, அதைச் செய்யாமல் விட்டிருக்கிறார். அந்தச் சூடுகள் எங்கே போய்ப் பட்டன என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒருபோதும் வந்ததில்லை.

இதைச் செய்த தொழிற்சாலையின் பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியம் பிரௌனிங்தான். மூன்று ஆண்டு கழித்துச் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்று உலகப்போருக்குத் திரி வைத்தது அதே ஆலையின் 1910 மாடல். என்னிடம் இருப்பது அந்த 1910இன் நீட்டிக்கப்பட்ட வடிவம். அந்த மூல வடிவத்தை வடித்த ஜான் பிரௌனிங் அமெரிக்கர். அவரும் அந்த ஆலையிலேயே, 1926இல், வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உயிர்விட்டார்.

அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதற்குக் காரணம் இந்தத் துப்பாக்கியில் அவர் வைத்த மூன்று தடைகள். கட்டைவிரலால் தள்ளும் பூட்டு ஒன்று. பிடியின் பின்புறத்தை உள்ளங்கை முழுதாக அழுத்தினாலொழிய விசை நகராது என்பது இன்னொன்று. மேகசின் இல்லாவிட்டால் குழலில் தோட்டா இருந்தாலும் வெடிக்காது என்பது மூன்றாவது. சுடுவதற்கென்றே செய்த பொருளுக்குள் சுடாமல் இருப்பதற்கு இவ்வளவு ஏற்பாடு.

நான்காவது தடையை அரசு வைத்திருக்கிறது. 2019இல் சட்டத்தைத் திருத்தியபின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது; ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஊரில் ஓட்டுக் கேட்டு ஆட்டோக்கள் ஓடத் தொடங்கும்போது நான் துணிப்பையில் பெட்டியை வைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போவேன். சிலருக்கு இது தொல்லை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் அலமாரியில் இருப்பது என்னுடையது மட்டுமல்ல, தெருவில் உள்ள எல்லோருடைய பயமும் அதில் கொஞ்சம் இருக்கிறது. அவர்களுக்கு நான் கணக்குக் காட்டுவதுதான் முறை.

புறநானூற்றின் 95ஆம் பாட்டு எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருந்தது. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவை அவனுடைய ஆயுதச்சாலையைப் பார்க்கிறாள். மயிற்பீலியும் மாலையும் சூடி, திருத்தமான காம்போடு, நெய் பூசி, காவலுள்ள பெரிய வீட்டில் இருக்கின்றன அவன் வேல்கள். எங்கள் மன்னனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்கிறாள். பள்ளியில் இதைப் புகழ்வதுபோலப் பழித்தல் என்று படித்தோம். பளபளப்பது பயன்படாதது, முறிந்ததுதான் வீரம். ஔவைக்கு என் வணக்கம். ஆனால் இத்தனை ஆண்டு எண்ணெய்த் துணி பிடித்தபின் நான் தொண்டைமான் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஓர் ஆயுதத்துக்குக் கிடைக்கக்கூடிய நல்ல முதுமை நெய் பூசிக் கிடப்பதுதான். கொல்லன் கொட்டிலுக்குப் போன ஒவ்வொரு வேலுக்கும் பின்னால் யாரோ ஒருவனுடைய மார்பு இருந்தது.

அப்படியானால் துருப்பிடிக்க விட்டுவிடலாமே என்று கேட்கலாம். துர்காபாய் தேஷ்முக் சாலையில் ஒரு மகளிர் கல்லூரி இருக்கிறது. முன்பு அது எம்.ஜி.ஆரின் சத்யா ஸ்டுடியோ. அந்த வழியே போகும்போதெல்லாம் இந்தக் கேள்விக்கான பதில் எனக்குள் ஓடும். 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். அவ்வளவு நெருக்கத்தில் சுட்டும் இருவரும் பிழைத்தார்கள். தோட்டாக்கள் பல ஆண்டுகளுக்கு முன்பு வாங்கியவை, மேசை இழுப்பறையில் கிடந்தவை. இழுப்பறையைத் திறந்து மூடும்போதெல்லாம் ஒன்றோடொன்று உருண்டு உரசி வீரியம் குன்றிப்போயிருந்தன என்று தடயவியல் ஆய்வில் தெரியவந்தது. கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருந்த சுவரொட்டி அந்த ஆண்டுத் தேர்தலில் ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. தமிழ்நாட்டின் பின்வரலாறு ஒரு மேசை இழுப்பறையின் கவனக்குறைவில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

பராமரிக்காததால் இரண்டு உயிர் பிழைத்தது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அங்கே உயிரைக் காத்தது எந்த மனிதரும் அல்ல, பழைய மருந்து. கோபம் தன் வேலையை முழுதாகச் செய்து முடித்திருந்தது, பொருள்தான் ஒத்துழைக்கவில்லை. துருப்பிடித்த துப்பாக்கி யாரையும் கொல்லாமல் போகலாம், ஆனால் அதில் யாருடைய பொறுமையும் இல்லை. தன் கையில் வலு குறையாமல் இருக்கும்போது அந்தக் கையை மடக்கிக்கொள்கிறவரிடம்தான் நாம் தைரியமாகப் பக்கத்து வீட்டில் குடியிருக்க முடியும். இயலாமையால் வரும் அமைதி இயலும் நாள் வரை மட்டுமே இருக்கும். தெரிந்தே காக்கிற அமைதிக்கு நாள்தோறும் வேலை இருக்கிறது. இரும்பை ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் எப்படி ஆகிறதோ, மனமும் அப்படியே ஆகிறது. நான் துடைப்பது துப்பாக்கியைத்தான் என்றாலும் சோதித்துக்கொள்வது என்னைத்தான்: இன்று இதைத் தொடத் தகுந்த நிலையில் இருக்கிறேனா?

அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். சண்டையோ, துக்கமோ, தூக்கமில்லாத இரவோ கடந்த மறுநாள் அந்தப் பெட்டி திறக்கப்படாது. வீட்டில் இருக்கும் துப்பாக்கியால் முதல் ஆபத்து திருடனுக்கல்ல, வீட்டாருக்கே என்பதை அப்பா மறைக்காமல் சொல்லியிருக்கிறார். தோட்டாக்கள் வேறு அறையில், வேறு பூட்டில், அதன் சாவி என் கணவரிடம். இரண்டு பேர் நிதானமாக இருந்தால்தான் இரண்டும் ஒரே மேசைக்கு வரும்.

மொத்தமாக ஒப்படைத்துவிடலாமே என்றும் யோசித்ததுண்டு. அது நேர்மையான வழி, அதைத் தேர்ந்தெடுப்பவர்களை நான் மதிக்கிறேன். அப்பாவிடம் கேட்டேன்.

“ஒப்படைச்சா பாரம் இறங்கிடும்மா. ஆனா நம்மகிட்ட இருக்கற வரைக்கும் அது எங்க இருக்குன்னு நமக்குத் தெரியும்.”

என் மகளுக்கு இப்போது பதினெட்டு. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்கு உரிமம் இல்லை, ஆகவே முடிவெடுக்க அவகாசம் இருக்கிறது. தனக்கு வேண்டாம் என்கிறாள் சில நாள். கழுகு முத்திரையை லென்ஸில் பார்க்க வேண்டும் என்கிறாள் சில நாள். இரண்டையும் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, காலியா என்று அவளையே பார்க்கச் சொல்லி, துணியைக் கையில் கொடுக்கப்போகிறேன். அப்போதும் வேண்டாம் என்றால், காவல் நிலையத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன், நன்றாகத் துடைத்து, எண்ணெய் போட்டு.