பேச இயலாதோர் தந்த கொடை

கைக்குழந்தையோடு ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லும் நம் தாய்மார்கள் இன்று ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தையும் குழந்தைக்குப் பெற்று வருகின்றனர். கடும் வயிற்றுப்போக்கிலிருந்து பச்சிளங் குழந்தைகளைக் காக்கும் மருந்து அது. அதை நாம் அரசின் கொடை என்கிறோம். அறிவியலின் கொடை என்கிறோம். ஆனால் அதற்கு முன்பே அதைத் தந்தவர்கள் வேறு சிலர். அவர்கள் பேச்சறியாக் குழந்தைகள்.

1980களில் தில்லியில் பிறந்த குழந்தைகள் சிலரிடம், நோய் எதையும் உண்டாக்காத ரோட்டா வைரஸ் ஒன்று கண்டறியப்பட்டது. அதிலிருந்து உருவான மருந்து தில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 2011ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ 6,800 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. மூவரில் இருவருக்கு மருந்து. ஒருவருக்கு மருந்தற்ற வெறும் திரவம். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2014இல் முடிவுகள் வெளியாயின. முதல் ஆண்டில் கடும் ரோட்டா வயிற்றுப்போக்கை இம்மருந்து பாதிக்குச் சற்று மேல் குறைத்தது.

இங்கே நம் மனச்சான்றின் முன் ஒரு கேள்வி எழுகிறது. பிற குழந்தைகளின் நன்மைக்காக ஒரு குழந்தையின் உடலைச் சோதனைக்கு உட்படுத்தலாமா? வளர்ந்தவர் தம் விருப்பத்தால் தம்மைக் கையளிக்கலாம், அது ஈகை. சம்மதிக்க இயலாத சிசுவை வேறொருவர் கையளித்தால் அதற்கு என்ன பெயர்?

பெற்றோரின் கையொப்பம் போதும் என்பர் சிலர். போதாது என்பதற்கு வரலாறு சான்று. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் வில்லோபுரூக் என்னும் அரசு இல்லம் இருந்தது. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் அங்கு வாழ்ந்தனர். 1950களின் நடுவில் தொடங்கிய ஆய்வில், அக்குழந்தைகளுள் சிலருக்குக் கல்லீரல் அழற்சிக் கிருமி வேண்டுமென்றே செலுத்தப்பட்டது. பெற்றோர் ஒப்புதல் தந்திருந்தனர். ஆனால் இடநெருக்கடியால் இல்லத்தின் பொதுவாயில் அடைபட்ட நாள்களில், ஆய்வுப் பிரிவின் வாயில் மட்டுமே திறந்திருந்தது. வேறு வழியற்ற தாயின் கையொப்பத்தைச் சம்மதம் என்று அழைக்க நம்மால் இயலுமா? அவ்வாய்வால் கல்லீரல் அழற்சியைப் பற்றிய அறிவு வளர்ந்தது, தடுப்பூசிக்கும் அது வழிகாட்டியது என்பது உண்மையே. ஆயினும் பின்னர் விளைந்த நன்மை முன்னர் இழைத்த தீமையை நன்மையாக்கி விடாது.

1970களில் இறையியல் அறிஞர் இருவர் இக்கேள்வியை ஆழ்ந்து விவாதித்தனர். மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த பால் ராம்சி, குழந்தைக்கே பயன் தராத ஆய்வில் அதை ஈடுபடுத்துவது அதனை வெறும் கருவியாக்குவதாகும் என்றார். இயேசு சபைக் குருவான ரிச்சர்டு மெக்கார்மிக் மாறுபட்டார். குழந்தையும் மனிதக் குடும்பத்தின் உறுப்பு. உணர்ந்து பேச இயலுமாயின், தனக்குத் தீங்கு விளையாத சிறு உதவியைப் பிறர்க்குச் செய்ய அது விரும்பவே வேண்டும். எனவே ஆபத்து மிகக் குறைவாயிருந்தால் பெற்றோர் அதன் சார்பில் சம்மதிக்கலாம் என்றார்.

நாம் மெக்கார்மிக்கின் பக்கம் சாய்கிறோம். ராம்சியின் அச்சத்தையும் கைவிடாமல் சாய்கிறோம். ஆபிரகாமோடு மலையேறிய ஈசாக்கு விறகைச் சுமந்தான். ஆட்டுக்குட்டி எங்கே என்று கேட்டான். நம் சிசுக்களால் கேட்கவும் இயலாது. ஆகவே அவர்களுக்காக நாம் கேட்க வேண்டும்.

வேலூர்க் குழந்தைகளுக்காகவும் கேட்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2009லேயே ரோட்டா தடுப்பு மருந்தை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்திருக்க, மூவரில் ஒருவருக்கு வெறும் திரவம் தந்தது முறையா என்று சிலர் வினவினர். அம்மருந்துகள் அன்று நம் அரசுத் திட்டத்தில் இல்லை, எனவே எந்தக் குழந்தைக்கும் கிடைத்துவந்தது பறிக்கப்படவில்லை என்பது விடை. விடை சரியே. ஆனால் ஏழைக்கு வேறொன்றும் கிடைக்காது என்ற நிலையின்மேல் நிற்கும் விடை அது. அந்நிலை நம்மை உறுத்தியே ஆக வேண்டும்.

எனினும் வில்லோபுரூக்கிற்கும் வேலூருக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. இங்கே எவருக்கும் நோய் ஊட்டப்படவில்லை. நோயுற்றவர் எக்குழுவினராயினும் சிகிச்சை பெற்றனர். விளைந்த கனியும் அந்நிய நாட்டிற்கன்று, நம் ஏழைகளின் வீட்டிற்கே வந்தது. 2016இல் நான்கு மாநிலங்களிலும், 2017இல் தமிழகத்திலும் அரசுத் திட்டத்தில் இம்மருந்து சேர்ந்தது. அதற்குள் அந்தச் சோதனைக் குழந்தைகள் மருந்து பெறும் வயதைக் கடந்துவிட்டனர். தமக்குப் பின் பிறந்தவர்க்கே அவர்கள் தந்தனர்.

கொடை பெற்றவருக்குக் கடமை உண்டு. நம் பங்கில் தவணை தவறிய குழந்தை எங்கிருக்கிறது என்று நம் அன்பியங்கள் தேடட்டும். நாளை வேறோர் ஆய்வு நம் ஊருக்கு வருமாயின், எழுத்தறியாத தாய்க்குப் படிவத்தைப் படித்துக் காட்டவும், வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டென எடுத்துரைக்கவும் நம்மில் ஒருவர் உடனிருக்கட்டும். கண்டறிந்த மருந்து எளிய விலையில் எம் குழந்தைகளுக்கு வருமா என்று, முடிவு வெளியான பின்பன்று, ஆய்வு தொடங்குமுன்னரே கேட்போம்.