பரிகாசமும் நல்வாய்மொழியும்



காரியாலயங்களில் நித்தமும் நிகழ்வதாயினும், அற்பமென்று நாம் தள்ளிவிடும் ஒரு விஷயத்தைக் குறித்து இன்று சிந்திப்போமாக. உடன் வேலை செய்யும் ஒருவர்பால் ஓர் இளைஞனுக்கோ யுவதிக்கோ பிரியம் உண்டாகிறது. அதனை எப்படியோ அறிந்துகொண்ட சக ஊழியர் ஒருவர், தேநீர் வேளையில் நாலுபேர் முன்னிலையில் அப்பெயரைச் சொல்லிக் கண்சிமிட்டுகிறார். சுற்றியிருப்போர் நகைக்கின்றனர். கேலிக்கு ஆளானவரோ வேலையில் மனம் ஊன்றாது தவிக்கிறார். இத்தகையோருக்குத் தம்மம் காட்டும் வழி யாது?

முதலாவது, உள்ளத்தில் பிரியம் எழுவது குற்றமன்று. பஞ்சசீலத்தின் மூன்றாவது சீலம் விலக்குவது தகாத ஒழுக்கத்தையே. எழுந்த உணர்ச்சியை எழுந்ததென்று அறிந்து, அதன்பின் இழுபட்டுச் செல்லாதிருப்பதே நற்கடைப்பிடி. ஆகவே இதற்காக நாணித் தலைகுனிய வேண்டுவதில்லை.

இரண்டாவது, கேலியை ஏற்றுக்கொள்ளாதிருத்தல். ராஜகிருகத்து வேணுவனத்தில் பகவான் எழுந்தருளியிருந்தபோது, பாரத்துவாஜ கோத்திரத்துப் பிராமணன் ஒருவன் சினங்கொண்டு வந்து வசைமொழிகளைப் பொழிந்தான். பகவான் அவனை நோக்கி, விருந்தினர்க்கு நீ படைக்கும் உணவை அவர்கள் ஏற்காவிடில் அது யாருக்குச் சேரும் என்று வினவினார். தனக்கே சேரும் என்றான் அவன். அவ்வாறே தாம் ஏற்காத வசையும் அவனுக்கே உரியது என்று பகவான் உணர்த்தியருளினார். சம்யுத்த நிகாயம் கூறும் வரலாறு இது. சினந்து சீறுவதும் கேலியை ஏற்பதே; உள்ளம் நோக, உடன் சேர்ந்து சிரிப்பதும் ஏற்பதே.

மூன்றாவது, பொய்யை அரணாகக் கொள்ளாதிருத்தல். "அப்படி ஒன்றுமில்லை" என்று பொய் கூறித் தப்ப மனம் விழையும். விளையாட்டாகவும் பொய் பேசலாகாதென்று பகவான் ராகுலருக்குப் போதித்தார். ஆயினும், கேட்டவர்க்கெல்லாம் உள்ளத்தைத் திறந்துகாட்டும் கடமை நமக்கில்லை. "இது குறித்து நான் பேச விரும்பவில்லை" என்பது பொய்யன்று, அதுவே போதும்.

நான்காவது, தனிமையில் எடுத்துரைத்தல். தக்க காலத்தில், உண்மையாய், மென்மையாய், பயனுள்ளதாய், அன்புள்ளத்தோடு பேசப்படுவதே நன்மொழி என்று அங்குத்தர நிகாயம் ஐந்து இலக்கணங்களை வகுக்கிறது. கேலி செய்பவரைத் தனியே அணுகி, "அண்ணா, நீங்கள் விளையாட்டாகச் சொல்கிறீர்கள், ஆனால் எனக்கு வருத்தமாயிருக்கிறது. ஒன்றுமறியாத இன்னொருவர் பெயரும் இதில் அடிபடுகிறது. இனி வேண்டாம்" என்று கூறுங்கள்.

அந்த இன்னொருவரை மறத்தலாகாது. அவர் ஒரு பெண்ணாயின், வதந்தி வீட்டை எட்டினால் அவர் வேலைக்கு வருவதே தடைப்படலாம். சாதி பார்க்கும் நம் நாட்டில், இருவர் பெயரை இணைத்துப் பேசும் ஒரு வார்த்தை உயிருக்கே கேடாகவும் முடியலாம். நமது மௌனம் அவருக்குத் தீங்காகுமெனில் அது பொறுமையன்று.

எடுத்துரைத்தும் நிற்காவிடில், மேலதிகாரியிடம் முறையிடுவது பகைமையாகாது. பேச்சு ஆபாசமாகி ஒரு பெண்ணைத் துன்புறுத்துமாயின், 2013ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குத் துணை நிற்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியருள்ள பணியிடத்தில் உள்ளகக் குழு அமைக்கப்படல் வேண்டும். மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் அளித்தல் வேண்டும்.

இறுதியாக, நகைத்த நாலுபேரில் நாமும் ஒருவரா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். ஒரு சொல்லைப் பேசுமுன்னும், பேசும்போதும், பேசிய பின்னும், அது தனக்கோ பிறர்க்கோ துன்பம் தருமா என்று ஆராயும்படி ராகுலருக்குப் பகவான் அருளினார். நாலாவது சீலத்தைக் கைக்கொண்ட நாம் நகையாமல் இருந்தாலே அக்கேலி பாதி அடங்கிவிடும். பிறர் உள்ளத்தின் மென்மையான இடத்தை நம் பொழுதுபோக்காக்காதிருப்போமாக.

சாது! சாது! சாது!