மறைப்பும் அருளோ?

கேரளத்து விழிஞ்ஞம் போன்ற கடற்கரை ஊரில், இடவப்பாதியும் துலாவர்ஷமும் ஆகிய இரு மழைகளும் வந்து போகும் மண்ணில், வீட்டுத் தாழ்வாரத்துத் தொட்டியில் ஓர் ஆர்க்கிட் செடி வாடி நிற்குமாயின், அதற்குத் தண்ணீர்ப் பஞ்சம் காரணமாயிருப்பது அபூர்வம். பெரும்பாலும் அது அன்பினால் சாகிறது. இலை சுருங்குவதைக் கண்டு மனம் பொறாத வீட்டுக்காரர் காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு என்று வார்க்கிறார்; வார்க்க வார்க்க இலை மேலும் சுருங்குகிறது; சுருங்கச் சுருங்க அவர் மேலும் வார்க்கிறார். நீரில் நின்றுகொண்டே அந்த ஜீவன் தாகத்தால் மடிகிறது.

காரணம் அதன் ஸ்வபாவத்திலேயே இருக்கிறது. மலையாளத்தில் மரவாழை என்று வழங்கும் இவ்வினச் செடிகளில் நாம் வீட்டில் வளர்ப்பவை பெரும்பாலும் மண்ணை அறியாதவை. காட்டு மரக்கிளையைப் பற்றிக்கொண்டு, வேரைக் காற்றில் தொங்கவிட்டு வாழ்பவை. மரத்தின் சாற்றில் ஒரு துளியும் அவை எடுப்பதில்லை. நிற்க இடம் மட்டுமே கேட்கின்றன. (புல்லுருவியோடு இவற்றைச் சேர்த்துப் பேசுகிறவர்கள் பெரிய அபவாதம் செய்கிறார்கள்.) வேரின்மேல் உயிரற்ற உயிரணுக்களாலான பஞ்சு போன்ற உறை ஒன்று உண்டு, மழை பட்டவுடன் அது நீரை உறிஞ்சிப் பச்சையாகிறது, காய்ந்ததும் வெள்ளி நிறம் கொள்கிறது. நனைவதற்கும் அடுத்த நனைவிற்கும் இடையிலுள்ள அந்த வெள்ளிப் பொழுதிலேதான் வேர் தாராளமாக மூச்சு விடுகிறது. அந்த இடைவெளியை அழித்துவிட்டால் வேர் அழுகும். அழுகிய வேர், தன்னைச் சூழ்ந்திருக்கும் நீரில் ஒரு துளியையும் மேலே அனுப்பாது.

அத்தகைய செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நல்ல வேர் விரலுக்கு விறைப்பாக இருக்கும், கெட்ட வேரை இரு விரல்களால் பிடித்து இழுத்தால் பழுப்பு நிறத் தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்துவிட, உள்ளே கம்பி போன்ற நார் மட்டும் மிஞ்சும். தீயில் காட்டிய கத்தியால் அவற்றை நறுக்கி எறிந்து, வெட்டுவாயைக் காயவிட்டு, பக்கங்களிலும் துளையுள்ள மண்சட்டியில் கரித்துண்டும் உடைந்த ஓடும், பலமுறை நீர் மாற்றி ஊறவைத்துக் கறை நீக்கிய கதம்பைத் துண்டும் இட்டு, செடி ஆடாதபடி ஒரு குச்சியோடு கட்டிவைக்க வேண்டும். கடலோரக் கிணற்று நீர் கரிப்பாயிருந்தால் பிடித்து வைத்த மழைநீரே உத்தமம். இவ்வளவும் எளிது. இதற்குப் பிறகு சில நாள் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் கடினம். “அது பாட்டுக்குக் கெடக்கட்டும் மக்களே, சும்ம நோண்டாத” என்று எங்கள் வீட்டு ஆச்சி சொல்வதுண்டு.

சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் இங்கிலாந்தின் தனவந்தர்கள் வெப்ப நாடுகளிலிருந்து இச்செடிகளைக் கப்பல் கப்பலாக வரவழைத்து, சாளரம் அடைத்த கண்ணாடி வீடுகளில் இரவும் பகலும் அனலும் ஆவியும் ஊட்டி வளர்க்க முயன்றார்கள். செடிகள் கூட்டங்கூட்டமாக மாண்டன. அந்நாட்டை ஆர்க்கிடுகளின் இடுகாடு என்று தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் வர்ணித்ததாகக் கூறுவர். சாளரத்தைத் திறந்து காற்றை உள்ளே விடத் துணிந்த தோட்டக்காரர்களே அவற்றைப் பிழைக்க வைத்தார்கள்.

கொடாமையும் கருணையாக இருக்கக்கூடுமோ என்ற கேள்வி இங்கே பிறக்கிறது. சைவ சித்தாந்தம் இதற்கு ஆம் என்றே விடை கூறுகிறது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலில், நான்காவதாகிய திரோதானமும் அருளின் ஒரு வடிவமே என்பது அதன் துணிபு. உயிரைப் பிணித்த அழுக்காகிய ஆணவ மலம் பக்குவப்படும்வரை இறைவன் தன்னை ஒளித்துக்கொண்டு உயிரை உலகத்தில் உழல விடுகிறான். மலத்தைச் செலுத்தி முதிர்விப்பதால் அந்தத் திரோதான சக்திக்கே உபசாரமாக மலம் என்ற பெயரும் இட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘உண்மை விளக்கம்’ ஆடவல்லானின் திருமேனியில் இதற்கு இடம் காட்டுகிறது: தூக்கிய திருவடி முக்தி; ஊன்றிய திருவடி மறைப்பு. நாம் எல்லோரும் தூக்கிய காலைப் பார்த்துக் கும்பிடுகிறோம். கூத்தின் பாரம் முழுவதையும் தாங்குவது மற்றைக் கால்.

ஆனால் செடியின் பக்கம் நின்று பார்த்தால் வாதம் இடறுகிறது. வேண்டுமென்றே நீர் நிறுத்தியவனும், அடியோடு மறந்து போனவனும் செடிக்குத் தருவது ஒரே வறட்சியைத்தான். வித்தியாசம் தொட்டிக்கு வெளியே இருக்கிறது. நிறுத்தியவன் நாள்தோறும் வருகிறான், சட்டியைத் தூக்கி எடை பார்க்கிறான், வேரின் நிறத்தைக் கவனிக்கிறான், நீர் வார்க்காமல் திரும்புகிறான். இறைவனும் மறைந்து நிற்கும்போதே உயிரோடு உடனாய் நிற்கிறான் என்று சித்தாந்திகள் சொல்வது இதைத்தான். ஆயினும் மறைக்கப்பட்ட உயிர் அதை எவ்வாறு அறியும்? விழிஞ்ஞத்துக் குடைவரையில், 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்தச் சிறு குகையில், இருபுறமும் முற்றுப்பெறாத புடைப்புச் சிற்பங்களுக்கு நடுவே தக்ஷிணாமூர்த்தி இருக்கிறார். மௌனத்தால் உபதேசிப்பவர் என்று நாம் அறிந்த குரு இங்கே வீணையேந்தியிருக்கிறார். மறைப்பினூடேயும் ஏதோ ஒரு நாதம் எட்டும் என்று சிற்பி கருதினான் எனக் கொள்வது என் ஆசை. வீணாதரருக்குச் சாஸ்திரம் கூறும் விளக்கம் வேறு.

அந்தக் குகையிலிருந்து நடக்கும் தொலைவில்தான் மீனவர் துறை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, எச்சரிக்கை எட்டுமுன்னரே கடலுக்குப் போயிருந்தவர்களில் பலர் திரும்பவில்லை. அத்தகைய வீட்டின் வாசலில் நின்று, இதுவும் மறைப்பாகிய அருளே என்று ஒருவன் சொல்வானாகில், சித்தாந்தம் முழுவதையும் அவன் கரைத்துக் குடித்திருந்தாலும் அது தெய்வ நிந்தனையே என்பேன். தன் துயரத்தைப் பார்த்து ஒருவன் தானே சொல்லிக்கொள்ளும்போது மெய்யாகும் வாக்கியம், பிறன் துயரத்தைப் பார்த்துச் சொல்லப்படும்போது பொய்யாகிவிடுகிறது. ஏனெனில் பக்குவத்தை அளக்கும் ஞானம் சொல்பவனிடம் இல்லை. செடிக்கு வாயில்லாததால் வேரைப் பார்த்து ஊகிக்கிறோம். மனிதன் வாய் திறந்து கேட்கிறான். ஐந்தொழிலில் மறைத்தலை நமக்குப் பங்கிட்டுக் கொடுத்ததாக நான் படித்த அளவில் எங்கும் காணவில்லை. அந்த நாட்களில் கரையில் நின்றவர்கள் அரசின் தேடுதல் போதாதென்று கண்டு, அடங்காத கடலில் தங்கள் வள்ளங்களைத் தாங்களே இறக்கித் தேடப் போனார்கள்.