கேளாத ஒலியும் வேண்டாத ஒலியும்

காதுக்கு எட்டாத ஒலி இல்லாத ஒலியாகுமா? பழைய தத்துவக் கேள்விதான். ஆயின், ஒலிப்பதிவொன்றைச் சிறிய கோப்பாக மாற்றிவிட்டு மூலத்தை அழிக்க முனையும்போது, இக்கேள்விக்கு நாம் அறியாமலே விடையளித்து விடுகின்றோம்.

திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்த கரைகளில் வலையிழுப்போரின் அம்பாப் பாடல்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் சேர்ந்து குரலெழுப்பிக் கயிற்றை இழுப்பர். அப்பாட்டு பொழுதுபோக்கன்று, பல கைகளை ஒரே கணத்தில் இயக்கும் கருவி. கயிறிழுக்க இயந்திரம் வந்த கரைகளில் பாட்டின் தேவை குறைந்துவிட்டது. ஆகவே, ஆசிரியரும் மாணவரும் திருக்கடலூருக்கோ மூதூருக்கோ சென்று முதியோர் குரலைப் பதிவு செய்வது நற்பணியே. பதிந்ததை எவ்வாறு காக்கின்றோம் என்பதில்தான் சிக்கல்.

இசைத்தட்டுத் தரத்தில் அமைந்த பதிவு ஒவ்வொரு நொடியிலும் ஒலியை 44,100 முறை அளந்து எழுதுகின்றது. ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் வேண்டும். அதனை 128 கிலோபிட் எம்.பி.3 ஆக்கினால் ஒரு மெகாபைட்டே போதும். எஞ்சியது எங்கே போயிற்று? உரத்த ஒலியின் அருகே எழும் மெல்லொலியை மனிதக் காது உணராது. அவ்வாறு உணராதென்று கணித்தவற்றையே இம்முறை நீக்குகின்றது. அல்லது அரைகுறையாக எழுதுகின்றது. ஜெர்மனியில் இதனை உருவாக்கிய கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், அமெரிக்கப் பாடகி சூசன் வேகா பக்கவாத்தியமின்றிப் பாடிய ஒரு பாட்டைக் கேட்டுக் கேட்டுத் தம் முறையைச் செப்பனிட்டார். (நம் கரையோரக் கிழவரின் குரலுக்கும் அப்பாட்டு ஓர் அளவுகோலாயிற்று என்பது விந்தைதான்!)

அம்பாப் பதிவில் உரத்தது தலைவர் குரல். அதன் அடியில் கிடப்பவை எவை? இழுப்போரின் மூச்சிரைப்பு, கயிற்றின் உராய்வு, மணலில் பதியும் கால்கள். பாட்டு எஞ்சி உழைப்பின் ஓசை தேய்கின்றது. இன்று கேட்கும் நமக்கு இழப்பொன்றும் தெரியாது, உண்மை. ஆயின், நாளை ஓர் ஆய்வாளர் அப்பதிவை மெதுவாக ஓடவிட்டு, மெல்லொலியைப் பெருக்கி, குரல்களைப் பிரித்து நோக்க விரும்பலாம். சராசரிக் காது ஒன்றின் தீர்ப்பை அவர்மீது சுமத்தும் உரிமையை நமக்கு யார் அளித்தனர்? எம்.பி.3 கோப்பை மீண்டும் மூல வடிவுக்கு மாற்றினால் கோப்பு பருக்குமேயன்றிப் போன ஒலி திரும்பாது.

சிறிய கோப்பை நாம் பழிக்கவில்லை. மலிவான கைத்தொலைபேசி வைத்திருக்கும் மீனவரின் பேரனுக்கு அதுவே எட்டும். அதனைத் தாழ்வாகக் கருதுவது மேட்டிமைத்தனம். குற்றம் சுருக்குவதிலில்லை, சுருக்கியபின் மூலத்தை அழிப்பதிலேயே உள்ளது.

வசதியில்லை என்பர் சிலர். கணக்குப் பார்ப்போம். இருபது மணி நேரப் பதிவு மூல வடிவில் ஏறத்தாழ 13 கிகாபைட். 2001இல் வெளியான ஃப்ளாக் முறை, ஓர் அணுவும் இழக்காது அதனைப் பெரும்பாலும் பாதியளவுக்குச் சுருக்கும். வேண்டியபோது மூலத்தை அப்படியே மீட்கலாம். விரல் நகமளவான ஒரு நினைவட்டையில் அத்தனையும் அடங்கும். இன்னோரட்டையில் ஒரு படி எடுத்து வேறோர் இடத்தில் வைப்பதும் அரிதன்று. பாடியவர் பெயர், கரை, நாள் ஆகியவற்றையும் உடன் எழுதிவைத்து, எம்.பி.3 படியைப் பாடியவர் வீட்டுக்கே கொண்டுசென்று கொடுக்கலாம்.