கும்பிடும் யானையும் குறுக்கே வரும் யானையும்

எங்கள் இளைஞர் குழுவின் பயணத்தில் கடைசி நாள். பேராக்கின் வடக்கே, தெமெங்கோர் ஏரியில் படகேறி அரச பெலும் காட்டைப் பார்க்கப் போனோம். நாள் முழுக்கச் சுற்றியும் கரையில் யானையின் கால்தடம் மட்டுமே கண்டோம். "இதுக்கா இவ்வளவு காசு கொடுத்தோம்?" என்று ஒரு தம்பி சலித்துக்கொண்டான்.

ஈப்போவுக்குத் திரும்பும் வழியெல்லாம் அது என்னை உறுத்தியது. நமக்குக் காட்சி தர யானை கடமைப்பட்டதா?

நாங்கள் வந்த இதே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில், கெரிக் அருகே, 2025 மே 11 அன்று லோரி மோதி ஒரு யானைக்குட்டி இறந்தது. அன்று அன்னையர் தினம். லோரிக்கு அடியில் சிக்கிய குட்டியை விட்டுத் தாய் மணிக்கணக்கில் நகரவில்லை. காணொளியைப் பார்த்து நாமெல்லாம் கலங்கினோம்.

எந்தக் காரியத்துக்கும் முதலில் யானைமுகனைக் கும்பிடுகிறோம். கோயிலில் சாமியாக இருக்கும் யானை, சாலையில் மட்டும் தொல்லையா?

"நம்ம பயிரை அது அழிக்குதே?" என்று கேட்கலாம். நியாயம்தான், நட்டப்பட்டவருக்கு உதவி வேண்டும். ஆனால் நம் தாத்தா பாட்டி பால்மரம் சீவிய தோட்டங்களும் ஒரு காலத்தில் காடுதான். பிறகு அந்தத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வீட்டையும் கோயிலையும் விட்டு வெளியேறினவர்களும் நாம்தான். இருந்த இடத்தை இழப்பது என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இளைஞர்களே, அந்தச் சாலையில் இரவில் போனால் வேகத்தைக் குறையுங்கள். யானை குறுக்கே வந்தால் தூரத்திலேயே நிறுத்தி, ஹார்ன் அடிக்காமல், அது கடந்து போகும்வரை காத்திருங்கள். பிள்ளையாரைக் கும்பிடுகிற கைதானே ஸ்டேரிங்கையும் பிடிக்கிறது!